வலி மாத்திரையின் ஒரு மூலையை மாற்றினால்

வீட்டில் பழைய ஆஸ்பிரின் மாத்திரை இருந்தால், அதுவும் மழைக்காலத்தில் மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் கிடந்திருந்தால், திறந்து முகர்ந்து பாருங்கள். லேசாக வினிகர் வாசனை அடிக்கும். காற்றில் இருந்த ஈரம் ஆஸ்பிரின் மூலக்கூறில் ஒட்டியிருந்த அசிட்டைல் என்ற சிறு துண்டைப் பிய்த்துவிட்டது. பிய்ந்த துண்டுதான் அசிட்டிக் அமிலமாகி மணக்கிறது. மாத்திரையில் மிஞ்சியது சாலிசிலிக் அமிலம். 19-ஆம் நூற்றாண்டில் மூட்டுவாதக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டே விழுங்கிய அதே பழைய மருந்து.

கல்லூரி ஆய்வகத்தில் வேதியியல் படித்தவர்கள் பலர் இந்தத் துண்டைத் தங்கள் கையாலேயே ஒட்டியிருப்பார்கள். சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து, சில சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றினால், ஊசி ஊசியாக வெள்ளைப் படிகங்கள் இறங்கும். வடிகட்டிக் காயவைத்து, ஒரு சிட்டிகை எடுத்து அதில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சொட்டுவோம். ஊதா நிறம் வந்தால் சாலிசிலிக் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஊதா வராவிட்டால் கையில் இருப்பது ஆஸ்பிரின். வினிகர் மணக்கும் அந்தப் பழைய மாத்திரையைப் பொடித்துச் சோதித்தாலும் ஊதா வந்துவிடும்.

ஒரு மூலக்கூறின் ஒரு மூலையில் கை வைத்தால் அதன் குணம் மாறும் என்பதை நான் முதலில் கண்ணால் பார்த்தது அந்த ஊதாவில்தான். இன்று நாம் மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பெரும்பாலானவை இப்படி யாரோ ஒருவர் ஒரு மூலையை வெட்டியோ ஒட்டியோ திருத்திய மூலக்கூறுகள். சில திருத்தங்கள் கோடிக்கணக்கானவர்களுக்கு நிம்மதி தந்தன. சில ஆளையே கொன்றன. இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்று தேடிப் போனால், ஒரே கேள்வியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது: மருந்தின் கேடு எங்கிருந்து வருகிறது? வலியைக் குறைக்கும் அதே வேலையிலிருந்தா, அல்லது அந்த வேலைக்குச் சம்பந்தமில்லாத வேறொரு வழியிலிருந்தா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் செய்த திருத்தங்களின் கதைதான் இந்தத் துறையின் வரலாற்றில் பாதி.

ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் இருந்த பேயர் நிறுவனத்தில், 1897 ஆகஸ்ட் 10 அன்று ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் தன் ஆய்வகக் குறிப்பேட்டில் தூய அசிட்டைல் சாலிசிலிக் அமிலத்தின் செய்முறையை எழுதினார். அந்தப் பொருளை முதலில் செய்தவர் அவர் இல்லை. பிரான்சில் ஷார்ல் கெர்ஹார்ட் 1853-லேயே தூய்மையில்லாத வடிவில் செய்துவிட்டார். வாதநோயால் தவித்த தன் தந்தைக்காக ஹாஃப்மன் இதைச் செய்தார் என்ற கதை பிற்காலத்தில் பரவியது. ஆனால் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த யூத வேதியியலாளர் ஆர்தர் ஐகன்க்ரூன், யோசனையும் வழிகாட்டுதலும் தன்னுடையவை என்று 1949-இல் எழுதினார். நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டு உயிர் தப்பி வந்தவர் அவர். அதை எழுதிய அதே ஆண்டில் இறந்தும்போனார். அவர் சொன்னது நம்பத்தக்கது என்று மருந்து வரலாற்றாசிரியர் வால்டர் ஸ்னீடர் 2000-இல் வாதிட்டார். நான் படித்த பாடப்புத்தகத்தில் ஐகன்க்ரூன் பெயர் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அப்போது நினைத்தது என்ன? சாலிசிலிக் அமிலம் தொண்டையையும் வயிற்றையும் எரிக்கிறது. எரிச்சலுக்குக் காரணம் அந்த மூலக்கூறில் துருத்திக்கொண்டிருக்கும் ஹைட்ராக்சில் முனை. அதை அசிட்டைலால் மூடிவிட்டால் எரிச்சல் போய்விடும். பாதி உண்மைதான். வாயிலும் தொண்டையிலும் எரிச்சல் குறைந்தது. ஆனால் வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது தெரிய 70 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1971-இல் லண்டனில் ஜான் வேன் காட்டியது இது: ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடலில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத் தடுக்கின்றன. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது அவைதான். இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் போர்த்திக் காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான். வலியைக் குறைக்க எந்தக் குழாயை அடைக்கிறோமோ, வயிற்றுக்குப் பாதுகாப்பு போவதும் அதே குழாய் வழியாகத்தான். மருந்தின் மூலையை எப்படி மூடினாலும் இந்தக் கேடு கூடவே வரும். வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்த அசிட்டைல் துண்டு யாரும் எதிர்பாராத வேறொரு வேலையைச் செய்தது. புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியை (சுருக்கமாக காக்ஸ்) மற்ற மருந்துகள் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு விலகிவிடும். ஆஸ்பிரின் தன் அசிட்டைல் துண்டை அந்த நொதியின் மேலேயே ஒட்டிவிட்டுப் போகிறது. ஒட்டியது ஒட்டியதுதான், அந்த நொதி பிறகு வேலை செய்யாது. மற்ற செல்கள் புது நொதியைச் செய்துகொள்ளும். ரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, ஆகவே புதிதாகச் செய்ய வழியில்லை. அது வாழும் 7 முதல் 10 நாட்கள் வரை அந்தத் தட்டணு ரத்தத்தை உறைய வைக்கும் வேலையில் பின்தங்கியே இருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் 75 மில்லிகிராம் மாத்திரையின் அடிப்படை இதுதான். 1897-இல் பேயரின் மருந்தியல் தலைவர் ஹைன்ரிஹ் டிரெசர், சாலிசிலேட்டுகள் இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்ற எண்ணத்தால் ஆஸ்பிரினில் ஆர்வம் காட்டாமல் இருந்தார். அந்த மருந்து இன்று இதய நோயாளிகளின் அன்றாட மாத்திரை.

அதே ஆகஸ்ட் மாதம், அதே ஹாஃப்மன், அதே வினையை மார்ஃபினிலும் செய்து பார்த்தார். மார்ஃபினில் இரண்டு ஹைட்ராக்சில் முனைகள் உண்டு, இரண்டிலும் அசிட்டைல் ஏறியது. 1874-இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்பவர் இதை ஏற்கெனவே செய்து வைத்திருந்தார். பேயர் 1898-இல் ஹெராயின் என்று பெயரிட்டு இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியது. மார்ஃபினை விடப் பழக்கம் குறைவாக ஏற்படும் என்றே நம்பினார்கள். நடந்தது நேர்மாறு. அசிட்டைல் துண்டுகள் மூலக்கூறைக் கொழுப்பில் எளிதாகக் கரையச் செய்கின்றன. மூளையின் ரத்த நாளச் சுவரைத் தாண்ட அதுதான் நுழைவுச் சீட்டு. மார்ஃபின் மெல்ல நுழையும் இடத்தில் ஹெராயின் விரைந்து நுழைகிறது. உள்ளே போனதும் உடல் அசிட்டைல்களைக் கழற்றிவிட, மறுபடி மார்ஃபினாகவே வேலை செய்கிறது. மயக்கும் மருந்து மூளையில் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாக அடிமைத்தனமும் பிடிக்கும். வேதியியல் கண்ணுக்கு இரண்டும் ஒரே திருத்தம். உடல் அந்தத் துண்டை எங்கே, எப்போது கழற்றுகிறது என்பதில்தான் ஒன்று மாரடைப்பைத் தடுக்கும் மருந்தாகவும் மற்றொன்று குடும்பங்களை அழிக்கும் போதையாகவும் பிரிந்தன.

இந்த இட விஷயத்தை நேர்மாறாகப் பயன்படுத்திப் பார்த்த ஒரு முயற்சி உண்டு. பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கிறிஸ்டோஃப் ஸ்டைனின் குழு 2017-இல் ஃபென்டனில் என்ற மார்ஃபின் வகை வலி மருந்தின் மூலக்கூறில் ஒரு ஃப்ளோரின் அணுவைச் சேர்த்தது. வீங்கி அழற்சி கண்ட திசு, ஆரோக்கியமான திசுவை விடப் புளிப்பாக, அதாவது அமிலத்தன்மையோடு இருக்கும். ஃப்ளோரின் சேர்ந்த பிறகு மூலக்கூறு அந்த அமிலச் சூழலில்தான் மின்னேற்றம் பெற்று, செல்லில் மருந்து பற்றும் இடமான ஏற்பியில் ஒட்டும். மூளையிலும் குடலிலும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். எலிகளில் வலி குறைந்தது. மூச்சுத் திணறலும் மலச்சிக்கலும் தென்படவில்லை. எலியில் என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அதன் காரணத்தைப் பாராசிட்டமால் கதையில் சொல்கிறேன்.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த திருத்தம் ஐபுப்ரோஃபென். நாட்டிங்ஹாமில் பூட்ஸ் நிறுவனத்தில் 1950-களில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ், ஜான் நிக்கல்சன் இருவரும் ஆஸ்பிரினுக்கு மாற்று தேடினார்கள். ஆடம்ஸ் 16 வயதில் மருந்துக் கடைப் பயிற்சியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். காக்ஸ், புரோஸ்டாகிளாண்டின் பற்றியெல்லாம் எதுவும் தெரியாத காலம் அது. கினிப் பன்றிகளின் தோலில் புறஊதா ஒளியைக் காட்டுவார்கள், தோல் சிவக்கும். எந்தப் பொருள் கொடுத்தால் சிவப்பு குறைகிறது என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான் சோதனை. 600-க்கும் மேற்பட்ட சேர்மங்களை இப்படிப் பார்த்தார்கள். மனிதர்களிடம் சோதித்தவற்றில் ஒன்று வேலையே செய்யவில்லை, ஒன்று தோலில் தடிப்பைக் கொண்டுவந்தது. அடுத்து வந்தது ஐபுஃபெனாக். பிரிட்டனில் 1966-இல் விற்பனைக்கு வந்த அந்த மருந்தை நீண்ட நாள் எடுத்தவர்கள் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. 1968-இல் திரும்பப் பெற்றார்கள்.

ஐபுஃபெனாக்குக்கும் ஐபுப்ரோஃபெனுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அமில முனைக்குப் பக்கத்துக் கார்பனில் ஐபுஃபெனாக்குக்கு எதுவும் இல்லை, ஐபுப்ரோஃபெனுக்கு அந்த மெத்தில் இருக்கிறது. கல்லீரல் இந்த மருந்துகளைக் கழிவாக வெளியேற்ற, அவற்றின் அமில முனையில் குளுக்குரானிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளை ஒட்டுகிறது. அந்த ஒட்டு அவ்வளவு உறுதியானது இல்லை. சர்க்கரையிலிருந்து நழுவும் மருந்து அருகில் இருக்கும் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் மெத்தில் நின்றால் வழியை மறிக்கிறது, நழுவுவது குறைகிறது. ஐபுஃபெனாக்கின் ஒட்டு ஐபுப்ரோஃபெனுடையதை விட அதிகமாகப் புரதங்களில் பற்றுகிறது என்பது பிற்காலச் சோதனைகளில் தெரிந்தது. கல்லீரல் கேடு வலி குறையும் வேலையிலிருந்து வரவில்லை, கழிவாக்கும் வழியிலிருந்து வந்தது. அதனால்தான் ஒரு மூலையைத் திருத்தியதும் கேடு போனது, வலி குறைக்கும் வேலை அப்படியே இருந்தது. ஐபுப்ரோஃபென் 1969-இல் பிரிட்டனில் வந்தது, 1983 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே அங்கே கிடைக்கிறது. மாஸ்கோவில் ஒரு மாநாட்டில் பேச வேண்டிய நாளில், முந்தைய இரவின் வோட்கா தந்த தலைவலிக்குத் தானே 600 மில்லிகிராம் போட்டுப் பார்த்ததாக ஆடம்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த மெத்திலால் இன்னொன்றும் நடந்தது. நம் இரண்டு கைகளைப் போல மூலக்கூறுக்கு இடம், வலம் என்று இரு வடிவங்கள் வந்துவிட்டன. இரண்டில் ஒன்றுதான் காக்ஸில் சரியாகப் பொருந்தும். நல்லவேளையாக, பொருந்தாத வடிவத்தில் பெரும்பகுதியை உடலே மற்றதாகத் திருப்பிவிடுகிறது. ஆகவே கலவையாகவே விற்கிறார்கள்.

ஆனால் வயிற்றுப் புண் ஐபுப்ரோஃபெனிலும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஒரு கதவு திறந்தது போலத் தோன்றியது. காக்ஸ் நொதி ஒன்று இல்லை, இரண்டு: வயிற்றைக் காக்கும் வேலையைப் பெரும்பாலும் காக்ஸ்-1 பார்க்கிறது, அழற்சி கண்ட இடத்தில் கூடுதலாக முளைப்பது காக்ஸ்-2. இரண்டின் உட்குழியும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 523-ஆம் இடத்தில் மட்டும் காக்ஸ்-1-இல் ஐசோலியூசின் இருக்கிறது, காக்ஸ்-2-இல் அதைவிட ஒரு கார்பன் குறைந்த வேலின். அந்த ஒரு கார்பன் குறைவால் காக்ஸ்-2-இன் பக்கச் சுவரில் ஒரு சின்ன மாடம் திறந்திருக்கிறது. அந்த மாடத்துக்குள் நுழையும் அளவுக்கு ஒரு கந்தகத் தொகுதியை நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறைச் செய்தால், அது காக்ஸ்-2-இல் பொருந்தும், காக்ஸ்-1-இல் முட்டி நிற்கும். செலிகாக்சிப் 1998 இறுதியிலும் ரோஃபிகாக்சிப் 1999-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வேதியியல் வடிவமைப்பாகப் பார்த்தால் இத்தனை அழகான வேலை இந்தத் துறையில் குறைவு என்பேன்.

எதிர்பார்த்தபடி வயிற்றுப் புண் குறைந்தது. 8,000-க்கும் மேற்பட்டோரை வைத்து ரோஃபிகாக்சிபை நேப்ராக்சன் என்ற பழைய வலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளியானபோது, கடுமையான வயிற்றுச் சிக்கல்கள் பாதியாகியிருந்தன. அதே ஆய்வில் ரோஃபிகாக்சிப் எடுத்தவர்களிடம் மாரடைப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. நேப்ராக்சன் இதயத்தைக் காத்திருக்கும், அதனால்தான் இந்த வேறுபாடு என்று தயாரிப்பாளர் தரப்பு விளக்கம் சொன்னது. பிறகு வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், 18 மாதங்களுக்கு மேல் எடுத்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் தெளிவாகக் கூடியிருந்தன. 2004 செப்டம்பர் 30 அன்று ரோஃபிகாக்சிப் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள் அதை விழுங்கியிருந்தார்கள். 2000-இல் தெரிந்த எச்சரிக்கைக்கு 2004 வரை காத்திருந்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். அது வேதியியலின் பிழை இல்லை, மனிதர்களின் பிழை.

காரணம் மறுபடியும் அதே கேள்வியில் இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர், ரத்தம் உறையாமல் இருக்கப் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதைச் செய்வது பெரும்பாலும் காக்ஸ்-2. உறைய வைக்கும் திராம்பாக்சேனைத் தட்டணுக்கள் காக்ஸ்-1 மூலம் செய்கின்றன. தராசின் ஒரு தட்டை மட்டும் அழுத்தினால் மற்றது மேலே போகத்தான் செய்யும். செலிகாக்சிப் இன்னும் விற்பனையில் இருக்கிறது. மிதமான அளவில் அது நேப்ராக்சனையும் ஐபுப்ரோஃபெனையும் விட இதயத்துக்கு மோசமில்லை என்று 24,000 பேர் பங்கேற்ற ஆய்வு 2016-இல் சொன்னது. இதே வகை எட்டோரிகாக்சிபுக்கு அமெரிக்கா 2007-இல் அனுமதி மறுத்தது. நம் ஊரில் முட்டி வலிக்கு அது சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது. இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது.

வயிற்றைக் காக்க வேறு வகையில் வால் ஒட்டிப் பார்த்ததும் உண்டு. நேப்ராக்சனில் நைட்ரேட் சுமக்கும் ஒரு நீட்சியைச் சேர்த்து, அது உடலில் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்கும், அதனால் ரத்த ஓட்டம் காக்கப்படும் என்று கணக்குப் போட்டார்கள். நேப்ராக்சினாட் என்று பெயர். 2010-இல் அமெரிக்க மருந்து ஆணையம் அதை ஏற்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு வால் கதை இருக்கிறது. எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் கிடக்கும் பட்டையில் ஏசிக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். அம்மாவின் முட்டி வலிக்கு வாங்கி வைத்தது. தமிழ்நாட்டில் இந்தக் கலவை இல்லாத வீடு குறைவு என்றே நினைக்கிறேன். ஏசிக்ளோஃபெனாக் என்பது டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தின் அமில முனையில் கிளைக்காலிக் அமிலத்தை ஒரு வாலாக ஒட்டியது. மனித உடலில் இந்த வால் பெரும்பாலும் கழலாமலே மூலக்கூறு வேறு வழியில் மாற்றமடைகிறது. டைக்ளோஃபெனாக்காக மாறுவது சிறு பகுதிதான். மாட்டின் உடலில் அப்படி இல்லை. வால் விரைவாகக் கழன்று, மிஞ்சுவது டைக்ளோஃபெனாக்.

மாட்டுக்கு வலி குறைந்தால் சரிதானே என்று தோன்றும். அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ன வரும் கழுகுகளுக்கு டைக்ளோஃபெனாக் நஞ்சு. சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போலப் படிந்து இறக்கின்றன. தெற்காசியாவில் கழுகுகள் அழிவதற்கு இதுதான் காரணம் என்பது 2004-இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில் உறுதியானது. வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் அவற்றையும் ஒருவேளைக்கான 3 மில்லிலிட்டர் குப்பியாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தடையை உறுதி செய்தது. வால் ஒட்டிய ஏசிக்ளோஃபெனாக் கால்நடை மருந்தாகத் தொடர்ந்து விற்றது. 2023-இல்தான் கீட்டோப்ரோஃபெனோடு சேர்த்து அதற்கும் தடை வந்தது. தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளின் முக்கியப் புகலிடமான மாயாறு பள்ளத்தாக்கு முதுமலையை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுற்று வட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வலி ஊசி என்றால் மெலாக்சிகாம் என்று கேட்டு வாங்குவது நல்லது. அது கழுகுகளுக்குக் கேடு செய்யாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு மூலக்கூறைத் திருத்தும்போது அதை விழுங்குபவரின் உடலை மட்டும் பார்த்தால் போதாது என்பதை வேறு எந்த மருந்தும் எனக்கு இவ்வளவு வலிக்கும்படி சொல்லித் தந்ததில்லை.

இனி பாராசிட்டமால். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரும் எடுக்கும் இந்த மருந்தின் பிறப்பே ஒரு தவறில் தொடங்கியது. 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கான், ஹெப் என்ற இரு இளம் மருத்துவர்கள் நாஃப்தலீனைச் சோதிக்க நினைத்தார்கள். மருந்துக் கடையிலிருந்து தவறுதலாக வந்தது அசிட்டனிலைட். அது காய்ச்சலைக் குறைத்தது. கூடவே சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாய்ந்தன, ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனதால். அந்த மூலக்கூறில் உள்ள கார்பன் வளையத்தின் எதிர்முனையில் ஒரு ஈத்தாக்சி தொகுதியைச் சேர்த்து பேயர் 1887-இல் ஃபினசெட்டினைச் செய்தது. நீலம் குறைந்தது. ஆனால் பல ஆண்டுகள் எடுத்தவர்களின் சிறுநீரகம் கெட்டது. பல நாடுகள் பின்னாளில் அதைத் தடை செய்தன, அமெரிக்கா 1983-இல்.

அதே இடத்தில் ஈத்தாக்சிக்குப் பதில் வெறும் ஹைட்ராக்சில் இருந்தால் பாராசிட்டமால். 1893-இல் ஃபான் மேரிங் அதைச் சோதித்துவிட்டு, ஃபினசெட்டினை விட அதில் நீலம் பாயும் போக்கு அதிகம் என்று ஒதுக்கினார். அவர் கையில் இருந்த பொருள் தூய்மையாக இல்லாததால் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். அரை நூற்றாண்டு அலமாரியில் கிடந்தது. 1948-இல் நியூயார்க்கில் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும், அசிட்டனிலைட் உடலுக்குள் போய்ப் பாராசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது, நீலத்தைக் கொண்டுவருவது அனிலீனாக மாறும் வேறொரு பாதை என்று காட்டினார்கள். என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வரலாற்றில் இல்லை. கேடு வேறு பாதையில் வந்தது, ஆகவே அதை வெட்ட முடிந்தது.

ஆனால் பாராசிட்டமாலுக்கும் ஒரு பக்கப் பாதை இருக்கிறது. உடலுக்குள் போனதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சர்க்கரையோடும் சல்ஃபேட்டோடும் ஒட்டி வெளியேற்றுகிறது. 5 முதல் 10 சதவீதம் மட்டும் ஆக்சிஜனேற்றம் பெற்று நாப்குவி என்ற மூர்க்கமான பொருளாகிறது. கல்லீரலில் இருக்கும் குளூட்டாத்தயோன் அதைப் பிடித்து அடக்கிவிடும். அளவு மீறினால் குளூட்டாத்தயோன் தீர்ந்துவிடும். பிறகு நாப்குவி கல்லீரல் செல்களின் புரதங்களையே பற்றுகிறது. முதல் நாள் குமட்டல் தவிர ஒன்றும் தெரியாமல் இருந்து, மூன்றாம் நாள் கல்லீரல் செயலிழக்கலாம். உரிய நேரத்தில் கொடுத்தால் அசிட்டைல் சிஸ்டீன் என்ற மாற்று மருந்து காப்பாற்றும். ஆகவே அளவு மீறியது தெரிந்தால், ஆள் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம். 650 மாத்திரை ஆறு போட்டால் 3.9 கிராம். அதோடு முட்டி வலிக் கலவை மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருந்தால் எல்லை தாண்டிவிடும். காய்ச்சல் வந்த வாரத்தில் அம்மாவின் பட்டைகளை எடுத்துப் பின்பக்க எழுத்தைப் படித்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே மருந்து இருந்தது. குடியும் பட்டினியும் உள்ளவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

நாப்குவி உருவாகாதபடி பாராசிட்டமாலைத் திருத்த முடியாதா? முதலில் பலருக்குத் தோன்றியது ஹைட்ராக்சிலை வளையத்தில் ஒரு இடம் நகர்த்துவது. அப்படிச் செய்தால் நாப்குவி என்ற அந்த வடிவமே உருவாக முடியாது. சுண்டெலிகளில் கல்லீரல் கெடவில்லை. பல ஆண்டுகள் அதை நஞ்சற்ற இரட்டைப் பிறவியாகவே ஆய்வகங்களில் பயன்படுத்தினார்கள். 2013-இல் அதைப் பெரிய எலியின் கல்லீரல் துண்டுகளிலும் மனிதக் கல்லீரல் துண்டுகளிலும் சோதித்தபோது செல்கள் இறந்தன. சுண்டெலியின் கல்லீரலுக்கும் நம் கல்லீரலுக்கும் கழிவாக்கும் வழிகள் ஒன்றில்லை. பெர்லின் முயற்சியில் எலி என்பதை அடிக்கோடிடச் சொன்னது இதனால்தான்.

அடுத்த வழி 2005-இல் ஸ்வீடனில் வெளியான ஒரு கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. பாராசிட்டமாலின் அசிட்டைல் துண்டைக் கல்லீரல் கழற்றுகிறது. மிஞ்சியது மூளைக்குப் போய், அங்கே அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து ஏ.எம்.404 என்ற பொருளாகிறது. வலியைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். அப்படியானால் அந்த அசிட்டைல் முனை எப்படியும் கழலப்போகிறது. அங்கே வேறு துண்டை வைத்தால் என்ன? நியூ ஆர்லியன்ஸில் நிக்கோலஸ் பசானும் எர்னான் பசானும் ஸ்பானிய வேதியியலாளர்களோடு சேர்ந்து அந்த முனையில் பெரிய தொகுதிகளை ஒட்டிப் பார்த்தார்கள். விலங்குகளில் வலியும் காய்ச்சலும் பாராசிட்டமால் அளவுக்குக் குறைந்தன, ஏ.எம்.404 உருவானது, நாப்குவி உருவாகவில்லை. அவற்றில் ஒன்று, எஸ்.ஆர்.பி.-001, மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்குப் போயிருக்கிறது.

முதல் கட்டச் சோதனை என்றால் ஆரோக்கியமான ஒரு சிறு குழு, குறுகிய காலம். உடல் மருந்தை எப்படி ஏற்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை அது சொல்லும். ஆயிரத்தில் ஒருவருக்கு, ஆறு மாதம் எடுத்த பிறகு வரும் கல்லீரல் கேட்டை அதனால் பார்க்க முடியாது. ஐபுஃபெனாக்கும் கினிப் பன்றியின் தோலில் தேறி, மனிதச் சோதனையில் தேறி, இரண்டு ஆண்டுகள் விற்பனையில் இருந்த மருந்துதான்.